நிழற்குடைக்கு ஆறு ஆசிரியர்கள்

குடைக்காரி எழுதிய ஆய்வுக் கட்டுரை நான்கே பக்கம். அவள் செய்த முதல் தவறு அதுதான் என்று பிற்பாடு மையத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டாவது தவறு, அந்த நான்கு பக்கமும் படித்தால் புரிந்தது.

குடைக்காரி என்பது பஸ் கண்டக்டர்கள் வைத்த பெயர். புவியியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற அந்தப் பெண், ஒரு கோடை முழுக்கக் கையில் குடையும் தோளில் பையுமாக நகரத்தின் பேருந்து நிறுத்தங்களில் நின்றுகொண்டிருந்தாள். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. பையிலிருந்து வெப்பமானியை எடுத்து நிழற்குடைக்குள் கொஞ்ச நேரம் தொங்கவிடுவாள், வெளியே கொஞ்ச நேரம் தொங்கவிடுவாள், ஏதோ குறித்துக்கொள்வாள். "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று ஒரு கண்டக்டர் வண்டியை நிறுத்தியே கேட்டார்.

கேட்டதில் தப்பில்லை. விஷயம் வீட்டிலிருந்துதான் தொடங்கியது. அவளுடைய அக்கா அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸ். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தபடி சொன்னாள்.

"மத்தியானம் மயங்கி விழுந்து வர்றவங்கள்ல பாதிப் பேர் எங்கேர்ந்து வர்றாங்க தெரியுமா? பஸ் ஸ்டாப்லேர்ந்து. அதுவும் வெயில்ல நின்னவங்க இல்லடி. உள்ள நிழல்ல உக்காந்திருந்தவங்க."

நிழலில் உட்கார்ந்தவருக்கு ஏன் மயக்கம் வர வேண்டும்? இந்தக் கேள்வி தங்கையைப் பிடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தாள். கூரை தகரம். முதுகுப்பக்கம் முழுக்க விளம்பரப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். காற்று நுழைய வழி கிடையாது. உச்சி வெயிலுக்குப் பிறகு அது நிழற்குடையாக இருப்பதை நிறுத்திக்கொண்டு அடுப்பாக மாறியது. கால் பலமுள்ளவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வெளியே மின்கம்பத்தின் ஒல்லியான நிழலில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். நிற்க முடியாத முதியவர்களும் வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் உள்ளே உட்கார்ந்தார்கள். அவர்கள்தான் அக்காவிடம் வந்து சேர்ந்தார்கள்.

இதைத்தான் அவள் எழுதினாள். முதல் வாக்கியம்: "மதிய நேரத்தில் பேருந்து நிழற்குடைக்குள், வெளியே இருப்பதைவிடச் சூடு அதிகம்." நடுவில் எந்த நிறுத்தத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு என்று ஓர் அட்டவணை. கடைசி வாக்கியம்: "முதுகுப் பலகையை எடுத்துவிட்டாலே சூட்டில் பாதி குறையும்."

அக்கா படித்துப் பார்த்தாள். "நல்லா இருக்குடி. எனக்கே புரியுது," என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுக்குப் பட்டம் குடுப்பாங்களா?" என்றாள்.

பட்டம் வேண்டுமென்றால் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. பட்டம் கையில் இருந்தால் அடுத்த கல்வியாண்டில் விரிவுரையாளர் வேலை தருவதாக ஒரு கல்லூரி சொல்லியிருந்தது. ஆகவே குடைக்காரி நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனாள். மாணவர்களிடையே அவருக்குப் பெயர் ‘பாக்கலாம்’.

"கட்டுரை முடிச்சிட்டேன் சார்."

"பாக்கலாம்மா."

"நாலு பக்கம்தான் சார். இப்பவே பாத்துடலாம்."

பொது இடத்தில் சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல் பேராசிரியர் பதறினார். "என்கிட்ட நேரா நீட்டக் கூடாதும்மா. எல்லாம் மையம் வழியா வரணும். அங்க மேம்படுத்திக் குடுப்பாங்க. அப்பறம்... பாக்கலாம்."

மையம் என்றால் ஆய்வுக் கட்டுரைத் தர மேம்பாட்டு மையம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு தரவரிசையில் இந்தப் பல்கலைக்கழகம் கடைசிக்குப் பக்கத்தில் வந்தது. நல்ல கட்டுரைகள் வரவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஆய்வகத்துக்குக் கருவி வாங்கலாம், நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம் என்று விவரமில்லாத சிலர் யோசனை சொன்னார்கள். நிர்வாகம் ஆழ்ந்து சிந்தித்து ஒரு கட்டடம் கட்டியது. அதற்கு இடம் போதவில்லை என்பதால் நூலகத்தின் வாசிப்பறையை இடித்தார்கள்.

மையத்தின் சான்றிதழ் இல்லாமல் எந்தக் கட்டுரையும் வெளியே போக முடியாது. சான்றிதழுக்கு முதல் படி, ‘நல்ல ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி’ என்ற பயிலரங்கு. குளிரூட்டப்பட்ட அரங்கில் மாணவர்கள் துப்பட்டாவையும் கைக்குட்டையையும் போர்த்திக்கொண்டு நடுங்க, மேடையில் இயக்குநர் கோட்டு சூட்டுடன் வியர்க்காமல் நின்றார்.

"ஒரு நல்ல கட்டுரைக்கு உயிர் எது?" என்று கேட்டார் இயக்குநர்.

"உண்மை சார்," என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

இயக்குநர் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "உண்மைக்கு எவ்வளவு இடைவெளி விடணும்? ஒன்றரையா, ரெண்டா? தெரியாதுல்ல? அதனாலதான் நம்ம பல்கலைக்கழகம் பின்தங்கிக் கிடக்கு. கட்டுரைக்கு உயிர் வரி இடைவெளி. ஓரம் அதுக்கு உடம்பு. எழுத்துரு அதோட ஆன்மா. இந்த மூணும் சரியா அமைஞ்சிட்டா உள்ள என்ன இருக்குன்னு எந்த மதிப்பீட்டாளரும் கேக்க மாட்டார்."

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். குடைக்காரி கையைத் தூக்கினாள். "எதைப் பத்தி எழுதலாம்னு எப்படி சார் முடிவு பண்றது?"

"அது பாடத்திட்டத்துல இல்லம்மா. முடிவு பண்ணிட்டு வாங்க, மேம்படுத்தித் தர்றோம்."

"நீங்க எழுதின கட்டுரை ஒண்ணை மாதிரியா காட்டினா எங்களுக்குப் புரியும் சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் எழுதறதில்லம்மா. எழுதினா நடுநிலை போயிடும். அடுத்தவங்க எழுத்தை மேம்படுத்தணும்னா நாம எழுதாம சுத்தமா இருக்கணும். இந்தப் பதவிக்கு வந்த நாள்லேர்ந்து நான் சுத்தமா இருக்கேன்."

கைதட்டல் நின்றதும் சாப்பாடு போட்டார்கள். பயிலரங்கில் குறை சொல்ல முடியாமல் நடந்தது அதுதான்.

அடுத்த படி, மேற்கோள் அலுவலர். அவர் மேசையில் சிவப்புப் பேனா மட்டுமே இருந்தது. குடைக்காரியின் முதல் வாக்கியத்தின் கீழ் கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது யார் சொன்னது?"

"நான்தான் சார். அளந்து பாத்தேன்."

"சரி, இது? ‘கூரை தகரத்தால் ஆனது.’ இது யார் சொன்னது?"

"தகரம்தான் சார். தட்டியே பாத்தேன்."

"இங்க பாருங்கம்மா, நீங்க தட்டினா அது அனுபவம். அதையே வேற ஊர்ல ஒருத்தர் தட்டி, அது அச்சுல வந்திருந்தா, அதுக்குப் பேர் ஆதாரம்."

"அப்போ முதமுதல்ல தட்டினவர் யாரை சார் மேற்கோள் காட்டியிருப்பார்?"

அலுவலர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்டுத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "அவர் பெரிய ஆளா இருந்திருப்பார்," என்றார்.

பிறகு அவரே பெருந்தன்மையாக ஆதாரம் தேடிக் கொடுத்தார். உலகத்தில் நிழற்குடையைப் பற்றி எழுதியவர்கள் பலர். நிழற்குடை நிழல் தரும் என்று அத்தனை பேரும் அறைக்குள் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். உள்ளே சூடு என்று சொல்ல ஒருவர்கூட அகப்படவில்லை. ஆகவே குடைக்காரியின் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, "நிழற்குடைகள் நிழல் தருகின்றன" என்று எழுதி, அதற்குக் கீழே அரைப் பக்கத்துக்கு மேற்கோள் போட்டார். வாக்கியம் இப்போது பத்திரமாக இருந்தது.

"ஆனா சார், இது தப்பு," என்றாள் குடைக்காரி.

"தப்பா இருக்கலாம். தனியா இல்லையே?" என்றார் அவர்.

அதன் பிறகு கட்டுரை ஒப்புமைக் கருவிக்குள் போனது. அது திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள். ஏற்கெனவே எங்கேயாவது அச்சில் வந்த வார்த்தைகளைக் கட்டுரையில் கண்டால் சிவப்படிக்கும். ‘பேருந்து நிறுத்தம்’ என்ற சொல் அவளுக்கு முன்பே ஏராளமானோர் பயன்படுத்தியது என்று அது கண்டுபிடித்தது. ‘வெயில்’ என்பதையும் அவள் எங்கிருந்தோ திருடியிருந்தாள். சொற்களை மாற்றுவதற்காக அவளை மொழிச் செம்மையாளரிடம் அனுப்பினார்கள்.

மொழிச் செம்மையாளர் அன்பான அம்மாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, ஒரே தடவைல புரிஞ்சிடுச்சே?"

"ஆமா மேடம்."

"எனக்கே புரியுதுன்னா மதிப்பீட்டாளருக்கு என்ன மரியாதை இருக்கு? அவர் எவ்வளவு பெரிய மனுஷர்! படிச்சிட்டு, ப்பூ இவ்வளவுதானான்னு தூக்கிப் போட்டுட மாட்டாரா?"

அந்த அம்மாள் சளைக்காமல் உழைத்தார். ‘சூடு’ என்பது ‘வெப்பச் சூழலியல் அசௌகரியக் கூறு’ ஆயிற்று. ‘மக்கள் நிற்கிறார்கள்’ என்பது ‘பயணியர் திரள் நிலைசார் காத்திருப்பை மேற்கொள்கிறது’ என்று எழுந்து நின்றது. தலைப்பு, ‘நகர்ப்புறப் பொதுப் போக்குவரத்துக் காத்திருப்பு வெளிகளில் நிழல்சார் பயனளிப்பு: ஒரு பன்முகக் கோட்பாட்டு அணுகுமுறையை நோக்கிய முன்னோட்டச் சிந்தனைகள்’ என்று இரண்டு வரிக்கு ஓடியது. நான்கு பக்கம் இருபதாகப் பெருத்தது. ஆய்வு செய்த முறையைச் சொல்லும் பகுதி மட்டும் அப்படியே தப்பியது. எந்தக் கட்டுரையிலும் அதை யாரும் படிப்பதில்லை என்பதால் மையத்திலும் அதைத் தொடுவதில்லை.

அட்டவணைதான் கடைசிவரை தொல்லை கொடுத்தது. கட்டுரை நிழல், நிழல் என்று ஓத, அட்டவணை மட்டும் சூடு, சூடு என்று கத்தியது. விஷயம் இயக்குநர் வரைக்கும் போனது.

"அட்டவணை அடம் பிடிக்குதும்மா," என்றார்.

"எண்களை நான் மாத்த மாட்டேன் சார்."

"ஐயோ, யாரும்மா மாத்தச் சொன்னது? மாத்தினா அது மோசடி. நம்ம மையத்துல மோசடிக்கு இடமே கிடையாது." இயக்குநர் நிஜமாகவே புண்பட்டிருந்தார். "மாத்தாதீங்க. எடுத்துடுங்க. எடுத்தா அதுக்குப் பேர் சுருக்கம்."

அன்று மாலை குடைக்காரி வீட்டுக்கு வந்து இருபது பக்கத்தையும் அக்கா மடியில் போட்டாள். அக்கா முதல் பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

"இதுல நீ என்னடி சொல்ற?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"வெளிய வந்தா பட்டம் கிடைச்சுடுமா?"

"கிடைச்சுடும்."

"அப்போ வாங்கித் தொலை. வேலைல சேந்துட்டு அப்பறம் உண்மையை எழுது. அதுவரைக்கும் அது எங்கயும் ஓடிப்போகாது." சொல்லிவிட்டு அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள். குடைக்காரி மறுநாள் போய்ச் சம்மதக் கையெழுத்து போட்டாள். அந்தக் கையெழுத்தை நினைத்துப் பிறகு பல நாள் கூசினாள்.

இனி ஆசிரியர்களின் பெயர் வரிசை. வழிகாட்டியின் பெயர் இல்லாமல் வழிகாட்டப்பட்டதாக எப்படி அர்த்தம் வரும்? போட்டார்கள். துறைத்தலைவர் குடைக்காரியின் விடுப்பு விண்ணப்பம் ஒன்றில் கையெழுத்திட்டிருந்ததால் அவரும் சேர்ந்தார். மேற்கோள் அலுவலர், மொழிச் செம்மையாளர், இயக்குநர். கூடவே இயக்குநரின் மச்சான். மையத்தின் நகலெடுக்கும் குத்தகை அவரிடம்தான் இருந்தது. கட்டுரையை நகல் எடுக்கும்போது கடைசிப் பக்கம் கசங்காமல் பார்த்துக்கொண்டார். எல்லோருக்கும் பிறகு குடைக்காரி. ஆனால் அந்த ஆய்விதழ் ஆறு பேருக்கு மேல் ஏற்பதில்லை என்று தெரியவந்தது.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். "யோசிச்சுப் பாருங்கம்மா. எங்களுக்கெல்லாம் வயசாகுது. இனிமே நாங்க போய் ஆராய்ச்சி பண்ணி, எழுதி, பேர் வாங்கறதுங்கறது நடக்கிற காரியமா? உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல. உங்களுக்குத்தான் ஆராய்ச்சி பண்ணத் தெரியுதே! இன்னொண்ணு பண்ணிக்குங்க."

"பட்டத்துக்கு என் பேர்ல கட்டுரை வேணுமே சார்?"

"நன்றி சொல்ற இடத்துல ‘உதவிய மாணவிக்கு’ன்னு போடறோம். அந்த மாணவி நீங்கதான்னு நான் ஒரு கடிதம் தர்றேன்."

அவள் வழிகாட்டியிடம் ஓடினாள். "என் ஆராய்ச்சி சார் அது."

"தெரியும்மா," என்றார் பேராசிரியர், ஜன்னலைப் பார்த்தபடி. "பாக்கலாம்."

கட்டுரை வெளிவந்தது. ஆறு ஆசிரியர்களுக்கும் பாராட்டு விழா நடந்தது. செய்தித்தாளில் படம் வந்தது. அதைப் பார்த்த போக்குவரத்துத் துறை, நிழற்குடையின் பயனைப் பல்கலைக்கழகமே நிரூபித்துவிட்டதால் பிரதான சாலை நெடுகிலும் புதிதாகக் கட்ட முடிவெடுத்தது. புதியவற்றில் தகரம் இன்னும் பளபளத்தது. விளம்பரப் பலகை பக்கவாட்டிலும் வந்து மூன்று புறமும் அடைத்தது.

கோடை திரும்பி வந்தபோது அக்காவுக்கு வேலை கூடியது. ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் சாப்பாடு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினாள்.

"மாசமா இருக்கிற பொண்ணுடி. புது ஸ்டாப்ல உக்காந்து விழுந்திருக்கு. பிழைச்சிடுச்சு. வயித்துல இருந்தது தங்கல." தள்ளிய தட்டைப் பார்த்தபடி, "வாங்கித் தொலைன்னு நான்தானே சொன்னேன்," என்றாள்.

குடைக்காரி, பட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய ஆய்வேட்டை எடுத்து வைத்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள். சூட்டைச் சூடு என்றே எழுதினாள். அட்டவணையை அதன் இடத்தில் வைத்தாள். முடித்து மையத்தில் கொடுத்தாள். ஒப்புமைக் கருவி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டது: அவள் ஆய்வு செய்த முறையைச் சொல்லும் அத்தியாயம் முழுவதும், ஆறு அறிஞர்கள் எழுதி வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரிக்கு வரி திருடியது.

விசாரணைக் குழு அமைத்தார்கள். திருட்டுக் கொடுத்தவர்களுக்குத்தான் பொருளின் அருமை தெரியும் என்பதால் அந்த ஆறு பேரையே குழுவாகப் போட்டார்கள். நீண்ட மேசையின் ஒரு பக்கம் அவர்கள் வரிசையாக உட்கார, எதிர்ப்பக்கம் அவள் நின்றாள்.

"எங்கேர்ந்தும்மா எடுத்தீங்க இதை?" என்றார் இயக்குநர், வலியோடு.

"எடுக்கல சார். நான் செஞ்சதை எழுதினேன். கட்டுரைல இருக்கறதும் நான் எழுதினதுதான். உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சது முக்கியமில்லம்மா. கருவிக்கு என்ன தெரிஞ்சதுன்னுதான் விதி. ‘வெப்பமானியைத் தொங்கவிட்டோம்’னு கட்டுரைல நாங்க எழுதியிருக்கோம். ‘தொங்கவிட்டேன்’னு நீங்க எழுதியிருக்கீங்க. ‘ஓம்’ங்கறதை ‘ஏன்’னு மாத்தினா திருட்டு மறைஞ்சிடுமா?"

குடைக்காரி மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "சரி சார், நீங்களே தொங்கவிட்டதா இருக்கட்டும். எந்த உயரத்துல தொங்கவிட்டீங்க?"

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தகுந்த உயரத்துல," என்றார் இயக்குநர்.

"இதுக்கு முன்னாடி அறிஞர்கள் எந்த உயரத்துல விட்டாங்களோ, அதே உயரத்துல," என்றார் மேற்கோள் அலுவலர்.

"நான் நகல் எடுக்க மட்டும்தான் வந்தேன். எனக்கு உயரம்னாலே தலை சுத்தும்," என்றார் மச்சான்.

இயக்குநர் மேசையைத் தட்டினார். "குற்றவாளி கேள்வி கேக்கறதுக்கு விதியில இடமில்ல. தீர்ப்புக்குப் போகலாம்."

அந்த நேரம் பார்த்து அலுவலக உதவியாளர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். போக்குவரத்துத் துறையின் முத்திரையைப் பார்த்ததும் இயக்குநர் முகம் மலர்ந்தது. இன்னொரு பாராட்டு, திருடி நிற்கிற மாணவிக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே படித்தார்.

"‘பெருமதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு. தங்களது சிறப்புமிக்க ஆய்வின் அடிப்படையில் அமைக்கப்பட்ட புதிய நிழற்குடைகளில்...’ கேளுங்க எல்லாரும்... ‘பொதுமக்கள் தொடர்ந்து மயங்கி விழுந்து வருவதால்...’" இயக்குநரின் குரல் ஒரு படி இறங்கியது. "‘...இது குறித்துப் புகார்கள் வந்துள்ளதால், கட்டுரையின் ஆசிரியர்கள் அனைவரும் தங்கள் அளவீடுகளுடன் நேரில் வந்து...’" கடைசி வரியை அவர் வாய்க்குள்ளேயே படித்தார்.

முதலில் வாய் திறந்தவர் வழிகாட்டிப் பேராசிரியர். ஆராய்ச்சி உலகில் அவர் அவ்வளவு வேகமாக எதையும் செய்து யாரும் பார்த்ததில்லை.

"நான் அந்தக் கட்டுரையைப் பாக்கவே இல்லம்மா. உனக்கே தெரியும்."

"நான் ஒரு வரிகூட எழுதல," என்றார் மேற்கோள் அலுவலர். "எல்லாமே அடுத்தவங்க சொன்னது."

"எனக்கு அது என்னன்னே புரியல. நான்தானே அப்படி மாத்தினேன்," என்றார் மொழிச் செம்மையாளர்.

துறைத்தலைவர் தான் கையெழுத்திட்டது விடுப்பு விண்ணப்பம் மட்டுமே என்று சத்தியம் செய்தார். மச்சான் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இயக்குநர் மேசையைச் சுற்றி வந்து, குடைக்காரிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. ஏன் நின்னுக்கிட்டே இருக்கே? இது உன் உழைப்பும்மா. ஆரம்பத்துலேர்ந்தே நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நாங்க யாரு அதுல பங்கு கேக்க?"

அந்த அறை கட்டிய நாளிலிருந்து அங்கே இவ்வளவு உண்மையை யாரும் மேற்கோள் இல்லாமல் பேசியதில்லை.

"அப்படின்னா எழுதிக் குடுங்க சார்," என்றாள் குடைக்காரி. "ஒவ்வொருத்தரும் தனித்தனியா."

எழுதினார்கள். என்ன எழுதுவதென்று தெரியாமல் முழித்ததால் மொழிச் செம்மையாளர் முதலில் எழுத, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். ‘மொழிச் செம்மையாளராகிய எனக்கு இந்த ஆய்வில் எந்தப் பங்கும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்’ என்று ஆறு கடிதங்களும் சொல்லின. இயக்குநரின் மச்சான்கூட அன்று மொழிச் செம்மையாளராக இருந்தார்.

போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்கு அவள் ஒருத்திதான் போனாள். அங்கிருந்த பொறியாளர் இருபது பக்கக் கட்டுரையைப் பிரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அவள் பழைய நான்கு பக்கத்தை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்து முடித்தார்.

"இதை முதல்லயே குடுத்திருக்கலாமேம்மா?"

"முதல்ல இதுதான் சார் இருந்துச்சு."

மருத்துவமனை வாசலில் இருந்த நிறுத்தத்தில் அன்றே பலகையைக் கழற்றினார்கள். மற்றவற்றுக்கு விளம்பர ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றார் பொறியாளர். அந்த ஒரு நிறுத்தத்திலிருந்து மட்டும் ஆள் வருவது நின்றுவிட்டதாக அக்கா சொன்னாள். மற்ற நிறுத்தங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டாள்.

ஆறு பேரும் ஆசிரியர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதால் திருட்டுக் கொடுத்தவர் என்று யாரும் இல்லாமல் போயிற்று. ஆளில்லாமல் நின்ற கட்டுரையை அவள் கணக்கில் எழுதி, ஆய்வேட்டை ஏற்றுப் பட்டம் கொடுத்தார்கள். அதற்குள் அந்தக் கல்லூரி வேலைக்கு வேறொருவர் வந்திருந்தார். குடைக்காரி ஒரு பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுக்கப் போனாள்.

ஒரு வருஷம் கழித்து மையத்திலிருந்து அழைப்பு வந்தது. புதிய மாணவர்களுக்கான பயிலரங்கில் அவள் சிறப்புரை ஆற்ற வேண்டுமாம். போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, அந்தப் பிள்ளைகளிடம் யாராவது ஒருவராவது சொல்ல வேண்டாமா என்று தோன்றியது. போனாள்.

இயக்குநர் அதே கோட்டுடன் அவளை அறிமுகப்படுத்தினார். "நம்ம மையத்தோட தயாரிப்பு இவங்க. இங்க வர்றப்போ நாலு பக்கத்தோட வந்தாங்க. இன்னிக்கு எவ்வளவு பெரிய அறிஞர்! நல்ல கட்டுரை எழுதறதோட ரகசியத்தை இவங்க ரெண்டு மணி நேரம் விரிவாச் சொல்லுவாங்க."

குடைக்காரி ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். முன்வரிசையில் பிள்ளைகள் போர்த்திக்கொண்டு, பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள்.

"உங்களுக்கு நிஜமாவே பதில் தெரியாத ஒண்ணைக் கேளுங்க. போய்ப் பாருங்க. பாத்ததை, பாக்காத ஒருத்தருக்குப் புரியற மாதிரி எழுதுங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை, தொடக்கம் முடிந்து பேச்சு வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாடு இன்னும் வந்திருக்கவில்லை.

"யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க," என்றார் அவசரமாக.

முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். நல்ல பெண், குடைக்காரி சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டிருந்தவள்.

"மேடம், ‘போய்ப் பாருங்க’ன்னு சொன்னீங்களே," என்றாள், பேனாவைத் தாளில் ஊன்றியபடி. "அது யார் சொன்னது?"